அரைப்பேர் அல்ல, முழுப்பேர்

ஞானஸ்நானத்தில் நாம் பெற்ற பெயரும் அதற்கேற்ற வாழ்வும்



குழந்தையை ஞானஸ்நானத்திற்குக் கொண்டு வரும் பெற்றோரை வரவேற்றவுடன் குருவானவர் கேட்கும் முதற் கேள்வி எது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? தகப்பனின் தொழில் என்ன, எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தச் சாதி என்று அவர் கேட்பதில்லை. குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்றே கேட்கிறார். பெற்றோர் பெயரைச் சொல்கிறார்கள். அந்தப் பெயராலேயே குழந்தை அழைக்கப்பட்டு, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் நீர் வார்க்கப்படுகிறது. பின்பு அந்தப் பெயர் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதப்படுகிறது.

இது வெறும் சடங்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாடசாலையில் சேர்க்கவும் கலியாணம் பேசவும் சான்றிதழ் வேண்டும், அதற்காக ஒரு பதிவு, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். ஆனால் பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் வாழும் நமக்கு, “நீ யார்?” என்ற கேள்வி இலேசான கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. நமக்குப் பெயர் இட்டவர்கள் பலர். அவர்கள் இட்ட பெயர்கள் எவை, ஆண்டவர் இட்ட பெயர் எது என்பதை இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

1. பிறர் நமக்கு இட்ட பெயர்கள்

நம் முன்னோர் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகரச் சீட்டு கொடுக்கப்பட்டது. அதைக் காட்டித்தான் வழியைக் கடந்தார்கள். வழியிலே ஒருவனை அடையாளம் காட்டியது அவனுடைய தாய் இட்ட பெயர் அல்ல, தகரத்தில் இருந்த எண்.

தோட்டத்திற்கு வந்த பின்னர் ‘துண்டு’ என்ற ஒரு சீட்டு இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்பது அதிலே எழுதப்பட்டிருக்கும். கடனைத் தீர்க்காமல், துண்டு பெறாமல், வேறு தோட்டத்திற்குப் போக முடியாது. 1921ஆம் ஆண்டில் சட்டம் இந்த முறையை ஒழிக்கும் வரை, ஒரு மனிதனின் பெறுமதி அவன் பட்ட கடனால் அளக்கப்பட்டது.

இன்றும் நம் வாயிலே வழங்கும் இன்னொரு சொல் உண்டு. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்கிறோம். காலையில் பெரட்டுக்களத்தில் கூடி, மலைக்குப் போய், குறித்த அளவு கொழுந்து எடுத்து, நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ‘பேர்’ விழும். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. மழையிலே நனைந்து, அட்டைக் கடி பட்டு, நாள் முழுவதும் நின்ற தாய் மாலையில் திரும்பி வந்து, “இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான்” என்கிறாள். சம்பளக் கணக்கில் அது ஒரு சொல். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளையின் மனதில் அது என்ன எழுதும்? என் தாய் அரை மனுஷி, நானும் அரை மனிதன் என்று எழுதிவிடாதா?

தோட்டத்திற்கு வெளியேயும் இதே கதைதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. மீதமிருந்த 1,50,000 பேரும் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். தலைகள் எண்ணப்பட்டன, பெயர்கள் கேட்கப்படவில்லை. ஒரே காம்பராவில் பிறந்த அண்ணன் ஒரு கரைக்கும் தம்பி மறு கரைக்கும் போனார்கள். தலைமன்னாருக்கு அவர்களைக் கொண்டு போன கோச்சியை நம் மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்த அழுகையின் சத்தம் அவர்கள் காதில் இன்னும் இருக்கும்.

1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கின. ஆயினும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய போது என்ன நடந்தது? மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறி மாறி வந்தது. உயிரோடு இருந்த போதும் எண்களாக இருந்தவர்கள், மறைந்த போதும் சரியாக எண்ணப்படவில்லை.

இவற்றைச் சொல்வது பழைய புண்ணைக் கிளறுவதற்காக அல்ல. நோயை அறியாமல் மருந்தின் அருமை தெரியாது.

2. ஆண்டவர் இட்ட பெயர்

நாடு கடத்தப்பட்டு அன்னிய மண்ணில் வாழ்ந்த இஸ்ராயேல் மக்களுக்கு இசையாஸ் ஆகமத்தின் வழியாக ஆண்டவர் சொன்ன செய்தி என்ன? அஞ்ச வேண்டாம், உங்களை நான் மீட்டேன், பெயர் சொல்லி அழைத்தேன், நீங்கள் எனக்கு உரியவர்கள் என்பதே (இசையாஸ் 43:1). ஊரும் காணியும் ஆலயமும் இழந்த மக்களிடம் அவர் இதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நம் ஆண்டவர் உரைக்கிறார் (அருளப்பர் 10:3). கூலிக்காரனுக்கு ஆடுகளின் எண்ணிக்கை தெரியும். ஆயனுக்கு ஒவ்வொன்றின் பெயரும் தெரியும். சீடர்கள் தங்கள் வெற்றிகளைச் சொல்லிக் களித்த போது, அதைவிட உங்கள் பெயர்கள் வானகத்தில் எழுதப்பட்டிருப்பதைப் பற்றி மகிழுங்கள் என்றார் (லூக்காஸ் 10:20). வானகத்துப் பதிவேட்டில் அரைப்பேர் இல்லை.

புனித இராயப்பரின் முதல் நிருபத்தை ஒரு முறை முழுவதும் வாசித்துப் பாருங்கள். அது சிதறி வாழ்ந்தவர்களுக்கு, அன்னியராகவும் வழிப்போக்கராகவும் எண்ணப்பட்டவர்களுக்கு எழுதப்பட்டது. ஒரு காலத்தில் நீங்கள் ஒரு மக்களாகவே இருக்கவில்லை, இப்போதோ இறைவனின் மக்கள் என்று அவர்களுக்கு அவர் நினைவூட்டுகிறார் (1 இராயப்பர் 2:10). நம் பாட்டன் பாட்டிக்கு எழுதியது போலவே இருக்கிறதல்லவா!

ஞானஸ்நானத்தின் போது குருவானவர் குழந்தையின் தலையில் பரிசுத்த தைலம் பூசுகிறார். குருவும் தீர்க்கதரிசியும் அரசருமான கிறிஸ்துவின் உறுப்பாக அந்தக் குழந்தை ஆகிறது என்பதே அதன் பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் கொள்கைத் திரட்டில் இந்த உண்மையை மீண்டும் வலியுறுத்தியது. குருக்களும் கன்னியரும் மாத்திரம் அல்ல, ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் இறைமக்கள். கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்திக் காய்த்துப் போன அதே தலையில்தான் அரசருக்குரிய தைலமும் பூசப்பட்டிருக்கிறது. தாய்மாரே, இதை மறவாதீர்கள்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டில் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். உழைப்பின் மதிப்பு, செய்த வேலையின் வகையால் அல்ல, அதைச் செய்கிறவர் ஒரு மனிதர் என்பதால் வருகிறது என்பது அதன் மையக் கருத்து. கொழுந்தைத் தராசில் நிறுக்கலாம்; கொழுந்து எடுத்தவளை நிறுக்கும் தராசு உலகில் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்த விசுவாசம் துரைமார் நமக்குக் கொடுத்தது அன்று. பழைய பதிவேடுகளில் வரும் பெயர்களே இதற்குச் சாட்சி. சவரிமுத்து, சூசை, சந்தியாகு, இராயப்பன், ஞானப்பிரகாசம், ஆரோக்கியம், மரியாயி: இவை தமிழ் மண்ணில் விளைந்த கிறிஸ்தவப் பெயர்கள். புனித சவேரியாரின் பெயர் தமிழர் வாயில் சவரியாராகிச் சவரிமுத்தானது. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயர் ஆரோக்கியமாகவும் ஆரோக்கியசாமியாகவும் நம் பிள்ளைகளுக்கு வந்தது. நம் முன்னோர் கடல் கடந்த போது, துணி மூட்டையோடு செபமாலையையும் கொண்டு வந்தார்கள். சுவாமியார் மாதத்தில் ஒரு நாள் வந்தாலும் வராவிட்டாலும், உபதேசியார் முன்னின்று செபம் சொல்ல, லயத்து வாசலில் கூடி விசுவாசத்தைக் காத்தார்கள். ஆகவே தமிழர் என்பதும் கத்தோலிக்கர் என்பதும் மலையகத்தார் என்பதும் நம்மில் மூன்று துண்டுகள் அல்ல. ஒரே பெயரில் அவை கலந்திருக்கின்றன.

3. பெயரை மறைக்காதீர்கள்

கொழும்புக்கு வேலைக்குப் போகும் நம் வாலிபர்களையும் பெண் பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்கிறோம். கடையிலும், ஆடைத் தொழிற்சாலையிலும், பிறர் வீட்டிலும் வேலை செய்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால், “பதுளை டவுன்” என்று சொல்லி நிறுத்திக் கொள்கிறார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூச்சம். பேச்சை மாற்றிக் கொள்கிறார்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் விட்டுவிடுகிறார்கள். கோயிலில் ஊர்க்காரர் யாரேனும் கண்டு விசாரித்து விடுவார்களோ என்ற பயம்.

அவர்களைக் கடிந்து பேசாதீர்கள். இராயப்பரே அப்படித்தானே செய்தார்! தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர் காய்ந்து கொண்டிருந்தவரை அவருடைய பேச்சே காட்டிக் கொடுத்தது. கலிலேயன் என்று கண்டு கொண்டார்கள் (மத்தேயு 26:73). பிறந்த மண்ணை மறைக்கப் போனவர், ஆண்டவரையும் மறுதலிக்கும்படி ஆயிற்று. இவை இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. தன்னைப் பற்றி வெட்கப்படுகிறவன், தன்னை அழைத்தவரைப் பற்றியும் மெல்ல வெட்கப்படத் தொடங்குவான். ஆனால் ஆண்டவர் இராயப்பரைக் கைவிடவில்லை. உயிர்த்த பின் கடற்கரையில் அவருடைய பெயரைச் சொல்லியே மூன்று முறை அழைத்தார்.

நம் ஆண்டவர் தம் ஊரை ஒருபோதும் மறைக்கவில்லை. நசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமா என்று நத்தானியேல் கேட்டார். அந்த இகழ்ச்சிக்குரிய ஊரின் பெயர் ஆண்டவரின் சிலுவை வரை அவரோடு போயிற்று. நசரேத்து இயேசு என்று, எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளில் சிலுவையின் மேல் எழுதி வைத்தார்கள் (அருளப்பர் 19:19-20). பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை என்று உங்கள் ஊரைச் சொல்லும் போது, நசரேத்தூர்க்காரர் உங்கள் பக்கத்தில் நிற்கிறார் என்று நம்புங்கள்.

4. பிறர் பெயரை அரையாக்காதீர்கள்

இங்கே நாம் நம்மையே சோதித்துப் பார்க்க வேண்டும். தோட்டம் நமக்கு அரைப்பேர் போட்டது என்று வருந்துகிறோம். நாம் யாருக்கு அரைப்பேர் போடுகிறோம்?

திருநாளில் சுரூபத்தைத் தூக்குவது யார், உபயம் யாருடையது, பாடற்குழுவில் யார் முன்னே நிற்பது என்ற கேள்விகளுக்குள் சாதி ஒளிந்திருக்கிறதா? பெண் கேட்க வரும் போது ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன் பூர்வீக ஊரையும் குலத்தையும் விசாரிக்கிறோமா? கிறிஸ்துவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவையே ஆடையாக அணிந்திருக்கிறார்கள், அங்கே யூதர் என்றும் கிரேக்கர் என்றும், அடிமை என்றும் உரிமையுள்ளவர் என்றும், ஆண் என்றும் பெண் என்றும் வேற்றுமை இல்லை என்று புனித சின்னப்பர் போதிக்கிறார் (கலாத்தியர் 3:27-28). அந்த வெள்ளாடையின் மேல் சாதி என்ற பழைய கம்பளியைப் போர்த்திக் கொள்வது எப்படி?

வீட்டிலே மனைவிக்கு என்ன பேர் போடுகிறோம்? விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை ஆயத்தம் செய்து, மலைக்கும் போய் வந்தவளின் சம்பளம் சாராயக் கடைக்குப் போகிற வீட்டில், இரவிலே சொல்லும் செபமாலை யார் காதில் விழும்? தகப்பன்மாரே, கோபப்படாமல் சிந்தியுங்கள்.

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இந்து சகோதரரும் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவரே. நம் விசுவாசம் அவர்களுக்கும் நமக்கும் நடுவே எழுப்பிய சுவர் அன்று. அவர்களுக்கு வெளிச்சம் காட்ட வாசலில் வைத்த விளக்கு. சிங்களக் கத்தோலிக்கரும் நம் சகோதரரே. ஒரே நற்கருணையை உட்கொண்டு, வாசலுக்கு வந்ததும் அவர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று பிரிந்து போகலாமா?

இந்த விஷயத்தில் நம் மறைமாவட்டத்திற்கு ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. 1972 டிசம்பர் 18ஆம் திகதி கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. கண்டியின் ஆயராக இருந்த மேதகு லியோ நாணயக்கார ஆண்டகை, பழைய பெரிய மறைமாவட்டத்தை விட்டு, வசதி குறைந்த இந்தப் புதிய மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். அவர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1982ஆம் ஆண்டில் இறைபதம் அடையும் வரை, திருச்சபை ஏழை மக்களின் வாழ்வோடு ஒன்றிக்க வேண்டும் என்பதிலே உறுதியாக நின்றார். பண்டாரவளையில் அவர் தோற்றுவித்த பயிற்சி இல்லத்திற்குச் ‘சேவக செவன’ என்று பெயர். ஊழியரின் நிழல் என்று பொருள்படும். அதே 1972ஆம் ஆண்டில் கண்டியில் சேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் ‘சத்தியோதய’ நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் அங்கே ஒன்றாக உழைத்தார்கள். தோட்ட மக்களின் உரிமைகளுக்காக அது குரல் கொடுத்தது. சிங்களத் திருச்சபை, தமிழ்த் திருச்சபை என்று இரண்டு இல்லை என்பதை இத்தகையோர் வாழ்ந்து காட்டினார்கள்.

5. பெயரைப் பயன்படுத்துங்கள்

சிலர் கேட்கக் கூடும்: “வானகத்தில் பெயர் இருந்தால் போதாதா? அடையாள அட்டை, காணி உறுதி, வாக்காளர் பட்டியல் இவையெல்லாம் உலகக் காரியந்தானே?”

புனித சின்னப்பரைப் பாருங்கள். நம் தாயகம் வானகத்தில் இருக்கிறது என்று பிலிப்பியருக்கு எழுதியவர் அவர் (பிலிப்பியர் 3:20). ஆனால் அதே பிலிப்பி நகரில் அநியாயமாக அடித்துச் சிறையிலிட்டு, பின்னர் இரகசியமாக அனுப்பி விட அதிகாரிகள் முயன்ற போது, அவர் பேசாமல் போய்விட்டாரா? இல்லை. நாங்கள் உரோமைக் குடிமக்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்று நின்றார் (அப்போஸ்தலர் பணி 16:37). ஜெருசலேமிலும் சாட்டையடிக்கு முன் தம் குடியுரிமையை எடுத்துச் சொன்னார். படைத் தலைவன் பெருந்தொகை கொடுத்து அந்த உரிமையை வாங்கியதாகச் சொல்ல, சின்னப்பர் தாம் பிறப்பாலேயே குடிமகன் என்றார் (22:28).

வானகக் குடியுரிமை மண்ணுலக உரிமையை விட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை. தன் மாண்பை அறிந்தவன்தான் உரிமையைக் கெஞ்சாமலும் வெறுப்பில்லாமலும் கேட்பான். ஆகவே பிள்ளை பிறந்தால் பிறப்பைக் காலத்தோடு பதியுங்கள். பெயரை எழுதுகிறவர் தமிழ்ப் பெயரைத் தவறாக எழுதினால், பணிவோடு திருத்தச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதத் தெரியாத அயல் வீட்டாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது ஓர் இரக்கச் செயல். படித்த பிள்ளைகள் இதைத் தங்கள் அப்போஸ்தல ஊழியமாக ஏற்கலாம்.

குடும்பத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டில் ஒவ்வொருவரும் ஞானஸ்நானம் பெற்ற திகதியைப் பங்குக் கோயிலில் கேட்டு அறியுங்கள். பிறந்த நாளைக் கொண்டாடுவது போல அந்த நாளிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றி, அவருக்காகச் செபியுங்கள்.

இரண்டாவது, ஒரு கொப்பியை எடுத்து, குடும்பத்தின் பெயர்களை எழுதுங்கள். உயிரோடு இருப்பவர், இறந்தவர், ஒப்பாரிக் கோச்சியில் அக்கரைக்குப் போய்க் கடிதமும் நின்று போனவர், மண்சரிவிலும் நோயிலும் மறைந்தவர், எல்லோரையும் முழுப் பெயரோடு எழுதுங்கள். மரித்த விசுவாசிகளை நினைக்கும் கார்த்திகை மாதத்தில் அதை வாசித்துச் செபமாலை சொல்லுங்கள். பாட்டி இருக்கும் போதே கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது, பின்வரும் கேள்விகளை இந்த வாரம் இரவுச் செபத்தின் பின் பேசிக் கொள்ளுங்கள்.

என் பெயர்கொண்ட புனிதர் யார்? அவருடைய வாழ்வில் நான் பின்பற்றக் கூடியது என்ன?

என் ஊரையோ விசுவாசத்தையோ நான் மறைத்த சந்தர்ப்பம் உண்டா? ஏன் அப்படிச் செய்தேன்?

நம் வீட்டில், நம் லயத்தில், நம் பங்கில் யாருக்கு நாம் அரைப்பேர் போடுகிறோம்?

பெற்றோரே, இன்று இரவு பிள்ளைகள் படுக்குமுன் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். ஞானஸ்நான நாளில் குருவானவரும் நீங்களும் ஞானப் பெற்றோரும் அந்த நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தீர்கள். அதே விரலால் அதே நெற்றியில் மீண்டும் வரைந்து, பிள்ளையின் பெயரை முழுவதுமாக ஒரு முறை சொல்லுங்கள். நாளை அந்தப் பிள்ளை எந்தப் பட்டணத்திற்குப் போனாலும், யார் எந்தப் பட்டியலில் எப்படி எழுதினாலும், தன்னை முழுப் பெயர் சொல்லி அழைத்த குரல் அதன் நெஞ்சில் இருக்கும். அந்தக் குரலின் வழியாக ஆண்டவரே அழைக்கிறார்.